முதலில் பேச்சுக் கொடு, பிறகு சுடு

எங்கள் பள்ளத்தாக்கில் விஜயரத்தினம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'குட்டன் மோர்கன்' என்று கேட்டால் பேக்கரிக்காரி முதல் பாதிரியார் வரைக்கும் கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். ஜெர்மன்காரர் காலை வணக்கத்துக்குச் சொல்லும் சொல் ஒரு யாழ்ப்பாணத்தானுக்குப் பெயரான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் வருகிறது.

நானும் அவனும் ஒரே அகதி முகாமில் இருந்தவர்கள். மற்ற ஆட்களுக்கெல்லாம் பிராங்பேர்ட் கிடைத்தது, ஸ்ருட்காட் கிடைத்தது. கடை, கோயில், கல்யாணம் காட்சி என்று நாலு சனத்தோடு இருந்தார்கள். எங்களைத் தெற்கே கொண்டுவந்து ஆல்கொய் மலைகளின் அடிவாரத்தில் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மலை என்று ஒன்று கிடையாது. மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்குகிற எங்களை இங்கே அனுப்பிய அதிகாரி நல்ல பகிடிக்காரனாக இருந்திருக்க வேண்டும். நான் பிறகு பஸ் ஓட்டப் பழகி, இன்றுவரை அதே பள்ளத்தாக்கில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். அவன் ஒரு விடுதியில் கோப்பை கழுவினான்.

அந்த விடுதிக்குக் கிழவர் லைட்னர் பியர் குடிக்க வருவார். மேலே உள்ள சரிவுகளில் வேட்டையாடும் உரிமை அவருடையது. அங்கே 'காம்ஸ்' என்று ஒரு காட்டு ஆடு உண்டு. கறுத்த உடம்பு, வெள்ளை முகத்தில் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, தூண்டில் முள்ளைப் போலப் பின்னால் வளைந்த சின்னக் கொம்பு. மனிதன் எட்டிப் பார்க்கப் பயப்படுகிற இடத்தில் அது சாவகாசமாக நின்று புல் மேயும். அதைச் சுடுவதைவிட, சுட்டதை முதுகில் சுமந்து கீழே இறக்குவதுதான் பெரிய வேலை. கிழவருக்கு இடுப்பும் நாரியும் போய்விட்டன. கோப்பை கழுவுகிற பெடியனின் தோளைப் பார்த்தார், என்னோடு வருகிறாயா என்று கேட்டார். விஜயரத்தினத்துக்கு அப்போது ஜெர்மனில் தடையில்லாமல் சொல்ல வந்தது ஆம் என்ற சொல் மட்டும்தான்.

முதல் நாள் இருவரும் மேலே ஒரு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். எதிர்ச் சரிவில் ஆட்டுக் கூட்டம். கிழவர் அவனுடைய காதுக்குள், "முதலில் அன்ஷ்பிரெஹன், பிறகுதான் சுடுவது" என்றார். அன்ஷ்பிரெஹன் என்றால் ஒருவரிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பது. முகாமில் நடந்த மொழி வகுப்பில் அந்தச் சொல்லை அப்போதுதான் படித்திருந்தான். தெருவில் அறியாதவரிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுப்பது எப்படி என்று ஒரு பாடம். வேட்டைக்காரரிடம் அதற்கு வேறு பொருள். ஆட்டைக் கூர்ந்து பார்த்து, அது கிடாயா, மறி என்கிற பெட்டை ஆடா, கிழடா, குட்டியா, சுகமாக இருக்கிறதா, நோயா என்று தீர்மானிப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். இவனுக்கு அது எங்கே தெரியும்? இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு, ஆட்டுக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் சுட வேண்டும் போலிருக்கிறது, அதைச் சொல்லத்தான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். பாடத்தில் படித்தபடியே, "குட்டன் மோர்கன்!" என்று ஆடுகளுக்கு உரத்துச் சொன்னான்.

அடுத்த நொடி சரிவில் ஒரு ஆடும் இல்லை. கிழவர் கல்லில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தாராம். அன்று பின்னேரம் விடுதியில் மேசை மேசையாகப் போய் அந்தக் கதையைச் சொன்னார். அதுவரைக்கும் அந்த ஊரில் அவன் ஒரு அகதி. அதற்குப் பிறகு குட்டன் மோர்கன். அவனைக் கண்டால் சனம் சிரித்தது, சிரித்த வாயோடு வணக்கம் சொன்னது, பிறகு சிரிப்பு நின்று வணக்கம் மட்டும் மிஞ்சியது.

அவன் சுமந்தான். சுமந்தபடியே பார்க்கவும் பழகினான். ஜெர்மன் பிரஜை ஆனதும் வேட்டைக்காரருக்கான சோதனையை எழுதிப் பாஸ் பண்ணினான். துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் துவக்கு என்று பெயர். துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தவனுக்கு இந்த அரசாங்கம் துவக்கு வைத்திருக்க அனுமதி கொடுத்தது. நான் அதைச் சொல்லிப் பகிடி பண்ணியபோது அவன் சிரிக்கவில்லை. "இது நாலு காலுக்கு மட்டும்" என்றான்.

கிழவர் செத்த பிறகு அவருடைய மனைவி லைட்னர் அம்மா அவனையே வேட்டைக் காவலனாக வைத்துக்கொண்டார். பள்ளத்தாக்கின் முடிவில் அந்த வேலை செய்கிறவருக்கென்று ஒரு மரவீடு உண்டு. அதில்தான் அவனும் மனைவி மங்கையற்கரசியும் இருக்கிறார்கள். இப்போது பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வேலை செய்கிற மகள் சுபானி அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். வேலை போனால் வீடும் போகும். பேரும் போகும். அவனுக்கு வீட்டைவிடப் பெயரைப் பற்றித்தான் கவலை என்று நினைக்கிறேன்.

பேச்சுக் கொடுக்கிற பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. சொல்லின் பொருள் விளங்கிய பிறகும், விசையில் விரல் வைக்கும்போது ஆட்டுக்கு வாய்க்குள் ஏதாவது சொல்வான். "குறை நினையாதை" என்பானாம். விழுந்த ஆட்டின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை வைப்பது இந்தப் பக்கத்து வேட்டைக்காரரின் வழக்கம். கடைசி வாய் உணவு என்று அதைச் சொல்வார்கள். மற்றவர்கள் கொப்பை வைத்துவிட்டுத் தொப்பியைத் தூக்குவார்கள். இவன் முழங்காலில் இருந்து, செத்த வீட்டில் வாய்க்கரிசி போடுகிற மாதிரிப் போடுவான். இதெல்லாம் மங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவளும் அவனோடு மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். இந்த வயதில் உங்களுக்கு என்ன தேன்நிலவோ என்று நான் கேட்பேன். அவள் வெட்கப்படுவாள் என்று பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் போடப் போய்விடுவாள்.

எங்கள் ஆட்களில் முதலில் வந்தவர்களுக்கு 'ஏலாது' என்ற சொல் வாயில் வராது. ஏலாது என்று சொன்னவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பயந்து பழகிய வாய். விஜயரத்தினம் அதற்குப் பதிலாக ஒரு ஜெர்மன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். 'கேட் ஷோன்.' எப்படியும் போகும், சமாளிக்கலாம் என்று அர்த்தம். முழங்கால் சில்லு இரண்டும் தேய்ந்து, படி இறங்கும்போது முகம் கோணும். கேட்டால் கேட் ஷோன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து கால் விரல் மரத்துப்போனது. அதற்கும் கேட் ஷோன். கண் டொக்டரிடம் எடுத்த டெர்மினை, அதுதான் சந்திக்கிற நாளை, ஆடு சுடுகிற காலம், மான் சுடுகிற காலம், பனிக்காலம் என்று தள்ளிக்கொண்டே போனான். என் வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருந்தபடி, கையில் தேநீர்க் கோப்பையோடு நித்திரையாகிவிடுவான். கோப்பையை மெதுவாக வாங்கி வைப்பேன். களைப்பு என்று அவன் வாயால் சொன்னதில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே களைப்பாக இருக்கும்.

போன ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. மங்கை ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள். அந்த நாட்களில் முட்டைகூட வீட்டு வாசலைத் தாண்டி வராது. உயிர் போகிற இடத்துக்கு அவள் போவாளா? அதே கிழமையில்தான், மலையேற வந்த யாரோ லைட்னர் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மேலே பாறைக்கட்டில் ஒரு ஆடு வட்டமாகச் சுற்றுகிறது, கல்லில் போய் முட்டுகிறது என்று.

காம்ஸ் ஆடுகளுக்கு ஒரு கண் நோய் உண்டு. கண் வெள்ளை படர்ந்து பார்வை போய்விடும். சிலவற்றுக்குத் தானாகவே மாறும். முற்றியவை கால் தவறி விழுந்து, எலும்பு முறிந்து, நாள்கணக்கில் கிடந்து சாகும். முற்றிவிட்டதா என்று பார், முற்றியதென்றால் சுட்டுவிடு என்று லைட்னர் அம்மா சொல்லியிருக்கிறார். இவன் என்ன சொல்லியிருப்பான் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பின்னேரம் எனக்குப் போன் எடுத்தான். "உமாபதி, நாளைக்கு உனக்கு லீவெல்லோ? ஒருக்கா என்னோட மேலை வாவன்."

"எனக்கென்ன விசரோ? பஸ் படி ஏறவே எனக்கு இளைக்குது."

"ஒரு துணைக்கு மச்சான்."

இத்தனை வருடத்தில் அவன் துணை என்று ஒருவரையும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் போனேன்.

காலையில் அவன் வீட்டு வாசலில் நெற்றி நிறைய விபூதியோடு மங்கை நின்றாள். தேநீர்ப் போத்தலைத் தந்தாள். தன்னுடைய தூரக்கண்ணாடியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். "அண்ணை, அவர் ஏதும் கேட்டா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்னத்தைக் கேக்கப்போறான்?"

"கேப்பார்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் பக்கத்தில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காட்டுப் பாதையில் கார் ஏறக்கூடிய இடம்வரை என் காரில் போனோம். அதற்கு மேல் நடை. நடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஈரப் புல், அதற்கு மேல் உருளுகிற சரளைக் கல், அதற்கு மேல் பாறை. ஒரு பக்கம் மலை தோளில் உரசும், மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் அவன் பரம்பரையைத் திட்டிக்கொண்டு கையும் காலுமாக ஏறினேன். அவன் நீண்ட மலைத்தடியை ஊன்றி முன்னால் போனான். எந்தக் கல் ஆடும், எந்த வேரைப் பிடிக்கலாம் என்று அவனுடைய காலுக்கே தெரிந்திருந்தது. சில இடங்களில் நின்று, முழங்காலைக் கையால் அமுக்கி, மூச்சுவிட்டுப் பிறகு நடந்தான். இவன் இந்த மலையில் கண்ணை மூடிக்கொண்டு போவான் என்று நான் மனதுக்குள் மெச்சினேன். மெச்சினதை நினைத்தால் இப்போது என்னையே அடிக்கலாம் போலிருக்கிறது.

காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரிச் சுற்றி வந்து, ஒரு கல்லுக்குப் பின்னால் படுத்தோம். நேரம் மத்தியானத்தை நெருங்கிவிட்டது. எதிரே பாறைக்கட்டுக்குக் கீழே ஒரு துண்டுப் புல் நிலம்.

"அங்கை நிக்குதோ?" என்று கேட்டான்.

கண்ணாடியைத் தூக்க முதலே எனக்குத் தெரிந்தது. வெறும் கண்ணுக்கே தெரிகிற தூரம்தான். "ஓம், நிக்குது."

"கிடாயோ மறியோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னையே கேக்கிறாய்? நான் பஸ் ஓடுறவன். நீயெல்லோ வேட்டைக்காரன்."

"கொம்பைப் பார். மொத்தமா, நல்லாக் கொக்கி போட்டிருந்தா கிடாய். மெல்லிசாப் போய்க் கொஞ்சமா வளைஞ்சிருந்தா மறி."

"நீ பாரன்."

"நீ சொல்லு, உமாபதி."

அப்போதுதான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஆடு இல்லை. ஆடு வலப்பக்கம் தள்ளி நின்றது. அவன் பார்த்த இடத்தில் கறுத்துப் படர்ந்த குட்டைப் பைன் ஒன்றுதான் இருந்தது.

"ரத்தினம், உனக்கு அது தெரியுதோ?"

"தெரியுது. கறுப்பாத் தெரியுது."

"நீ பாக்கிறது பத்தையடா."

அவன் கன்னத்தைக் கல்லில் வைத்துப் படுத்துவிட்டான். இந்த மனிதனுக்குப் பின்னாலா இவ்வளவு உயரம் ஏறி வந்தேன்?

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம். சீனி கண்ணுக்கு ஏறிட்டுது. நடுவிலை ஒரு புகை நிக்குது. பக்கத்தாலை பாத்தாக் கொஞ்சம் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன். சத்தம் போடக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். "விசரா! சனம் நடக்கிற மலையிலை கண் தெரியாமல் துவக்கோட திரியிறியோ? ஒரு மனிசனைச் சுட்டிருந்தா?"

"மங்கை பாத்துச் சொல்லாமல் நான் விசையிலை கை வைச்சதில்லை."

அப்போதுதான் மெல்ல மெல்லச் சொன்னான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இளம் கிடாய் என்று நினைத்துச் சுட்டிருக்கிறான். கீழே கொண்டுவந்து வயிற்றைக் கிழிக்கும்போது மடி நிறையப் பால். குட்டி எங்கேயோ நின்றிருக்கிறது, இவனுக்குத் தெரியவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மலை முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை. அன்று மங்கை இரத்தமும் பாலுமாக இருந்த அவனுடைய கையைப் பார்த்துவிட்டு, இனி நானும் வாறன் என்று சொல்லியிருக்கிறாள். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். அது தேன்நிலவு இல்லை. அவள் அவனுக்குக் கண்ணாகப் போய் வந்திருக்கிறாள்.

"இந்த வருசம் ஒண்டும் சுடேல்லை" என்றான். "எதைக் கேட்டாலும் மறி எண்டுறாள். பக்கத்திலை குட்டி நிக்குது எண்டுறாள். இந்த மலையிலை கிடாயே இல்லாமல் போச்சோ? பொய் சொல்லுறாள் எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேட்டுக்கொண்டு இருந்தனி?"

"அவள் பொய் சொன்னா நான் சும்மா வீட்டை வரலாமெல்லோ."

அந்தக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கி ஆட்டையே பார்த்தேன். அதற்கு முன் நான் ஒரு மிருகத்தையும் அப்படிப் பார்த்ததில்லை. அது சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னங்காலை நீட்டி நிலத்தைத் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைத்தது. கண் இரண்டும் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை. கீழே கன்னத்தில் ஈரம் வடிந்து மயிர் ஒட்டியிருந்தது. கொம்பு மெல்லிசு. எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன்.

"மறி" என்றான். "பக்கத்திலை குட்டி நிக்குதோ? வடிவாப் பார். மங்கை மாதிரிச் சும்மா சொல்லாதை."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒன்று துள்ளி வந்தது. அரை ஆள் உயரத்துக் கல்லில் நின்று எங்கள் பக்கம் பார்த்தது. அதனுடைய கண் கறுப்பாக, நல்ல தெளிவாக இருந்தது.

"நிக்குது. உண்மையாத்தான் சொல்லுறன்."

அவன் பெருமூச்சு விட்டான். தாயைச் சுட்டுக் குட்டியை விட்டால் பனியில் அது தனியே செத்துப்போகும். அதனால் முதலில் குட்டி, பிறகு தாய். அதுதான் இங்கத்தைய முறை என்றான். ஒன்றையே காண முடியாதவன் இரண்டைச் சுட வேண்டும். சொல்லிக்கொண்டே துவக்கை எடுத்துத் தோளில் வைத்தான். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று மங்கை பிறகு கேட்டாள். அந்த ஆட்டின் நிலையைப் பார்த்த பிறகு எனக்கும் எது சரியென்று தெரியவில்லை.

துவக்கின் மேலிருந்த கண்ணாடிக்குள் அவன் தேடினான். நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். "வலம்... இன்னும் வலம்... கொஞ்சம் மேலை... பொறு, தாண்டிட்டாய்." புதிதாகப் பழகுகிறவன் பஸ்ஸைப் பின்னால் எடுக்க நான் வழி சொல்வது போல இருந்தது. துவக்கின் வாய் புல்லுக்கும் பாறைக்கும் நடுவே அலைந்தது. அவனுடைய நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி, தெரிகிற கொஞ்சத்தையும் மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி தேடினான். "இப்ப நிக்குதோ?" "இல்லை." "இப்ப?" "இல்லை, ரத்தினம்."

தலையைத் தூக்கினான். துவக்கைத் திறந்து, உள்ளே இருந்த குண்டுகளை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். தடியை ஊன்றி, முழங்காலை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"குட்டன் மோர்கன்" என்றான்.

கத்தவில்லை. பக்கத்து வீட்டு வேலிக்கு அப்பால் நிற்கிறவரிடம் சொல்கிற அளவான குரல். அவனுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது.

"என்ன செய்யுது? எங்கடை பக்கம் பாக்குதோ?"

"காதைத் திருப்பிச்சு. கண் வேறை எங்கையோ பாக்குது."

"பார்வை இருக்கிற ஆடெண்டா நேராப் பாத்திட்டு ஓடியிருக்கும். இது முத்திப்போச்சு."

குட்டி மூக்கால் விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டது. கல்லிலிருந்து குதித்துப் பாறை விளிம்பால் நடந்தது. கொஞ்சத் தூரம் போய் நின்று திரும்பிக் கத்தியது. தாய் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, மூக்கு குட்டியின் பின்பக்கத்தில் முட்டுமளவுக்குக் கிட்ட வந்தது. குட்டி வைத்த இடத்தில் அதுவும் கால் வைத்தது. நான் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். இரண்டும் பாறை மறைவுக்குள் போனதும், "போட்டுதுகள்" என்றேன்.

"இண்டைக்குக் குட்டி காப்பாத்திப்போட்டுது. பனி கொட்டினா அதுவும் விழும், இதுவும் விழும். கிடந்து சாக விட ஏலாது. வேறை ஆள் வரவேணும்." தொப்பியைத் தலையில் வைத்தான். "கண் தெரியிற ஆள்."

அந்த வாயிலிருந்து ஏலாது என்ற சொல் வந்ததை நான் கவனித்தேன். ஆட்டுக்காகத்தான் வந்தது.

ஏறும்போது முன்னால் போனவன் இறங்கும்போது பின்னால் வந்தான். சரளைக் கல் தொடங்குகிற இடத்தில் என் முதுகுப் பையின் வாரில் அவனுடைய கை வந்து பிடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கல் ஆடுது, இஞ்ச வழுக்கும், இதிலை குந்தி இறங்கு என்று சொல்லிக்கொண்டு போனேன். முழங்கால் மடிகிற ஒவ்வொரு தரமும் அவன் மெல்ல முனகினான். இரண்டு கிழட்டு உடம்புகளை ஒரு மலை எப்படி வதைக்கலாமோ அப்படி வதைத்தது.

காட்டுப் பாதையில் ஆட்கள் இருந்து இளைப்பாற ஒரு மர வாங்கு உண்டு. அங்கேதான் போன் பிடிக்கும். காருக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது, ஆனால் அவன் போய் வாங்கில் இருந்துவிட்டான். துவக்கை மடியில் குறுக்கே வைத்தான். மங்கை தந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.

"லைட்னர் அம்மான்ரை நம்பரை அமத்தித் தா" என்றான்.

அமத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. முடிந்ததா, என்னுடைய குட்டன் மோர்கன், என்று லைட்னர் அம்மா கேட்டார். அப்படித்தான் எப்போதும் கூப்பிடுவார்.

"முடியவில்லை" என்றான் ஜெர்மனில். "கண் தெரியவில்லை."

"அது தெரிந்துதானே உன்னை அனுப்பினேன். அப்படியென்றால் ஏன் சுடவில்லை?"

அவன் போனைக் காதில் வைத்தபடி எதிரே இருந்த மலையைப் பார்த்தான். பார்த்தான் என்று பழக்கத்தில் சொல்கிறேன்.

"ஆட்டுக்கு இல்லை, அம்மா. எனக்கு."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்து என்னிடம் நீட்டினான். இல்லை, லைனில்தான் இருக்கிறார் என்று கையால் காட்டினேன். பிறகு அது அவனுக்குத் தெரியாதே என்று நினைத்து வாயால் சொன்னேன். மறுபடி காதில் வைத்துக்கொண்டான்.

"இருக்கிற இடத்திலேயே இரு" என்றார் லைட்னர் அம்மா. குரல் மாறியிருந்தது. "ஜீப்பை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். நீ இனி ஒரு அடியும் நடக்க வேண்டாம்."

கேட் ஷோன் என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, "ஓம்" என்றான். தமிழில்தான் சொன்னான். அவருக்கு விளங்கியிருக்கும்.